குழந்தைகளோடு கேனோ முகாம்: துணி எடுத்துவைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை முடியப்போகும் வாரங்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கேனோவில் (துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகு) கிளம்பி, ஏரிக்கரையில் டென்ட் போட்டுத் தங்கிவிட்டு வருவது எங்கள் வீட்டில் பல வருடப் பழக்கம். தெரிந்தவர்கள் சிலரும் ஒவ்வொரு வருடமும் சேர்ந்துகொள்வார்கள். புதிதாக வரும் பெற்றோர் படகைப் பற்றி ஒன்றோ இரண்டோ கேட்பார்கள். மீதிக் கேள்விகள் எல்லாம் துணியைப் பற்றித்தான். ஃபோனில் ஒவ்வொருவருக்காகச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். கணக்கெல்லாம் மூன்று இரவு, நான்கு பகல் பயணத்துக்கு. பகலில் 25 டிகிரி, விடியற்காலையில் 8 அல்லது 10 டிகிரி இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் காலம்தானே, ரெண்டு டீ-ஷர்ட்டும் ரெண்டு டிரவுசரும் போதாதா?

பகலுக்குப் போதும். இரவுக்குப் போதாது. கோடைக் கடைசியில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். மேகமில்லாத இரவில் நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடுவதால், விடிகிற நேரத்தில் வாயைத் திறந்தால் புகை வரும். புல், டென்ட், கொடியில் மறந்துவிட்ட துண்டு எல்லாம் பனியில் சொட்டிக்கொண்டிருக்கும். முந்தின மதியம் அதே இடத்தில்தான் பிள்ளைகள் சட்டையில்லாமல் ஓடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இன்னொரு விஷயம், முதல் தடவை போகிறவர்களுக்கு இது தோன்றுவதே இல்லை. படகில் பெரியவர்கள் துடுப்புப் போடுகிறோம், நமக்கு வியர்க்கிறது. குழந்தை நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. எதிர்காற்று முழுக்க அதன் மேல்தான். துடுப்பிலிருந்து தெறிக்கிற தண்ணீரும் அதன் மேல்தான். போதாததற்கு, எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு நம்முடையதைவிட அதிகம்; சூடு அந்த அளவுக்கு வேகமாக வெளியேறும். நமக்குக் குளிரவில்லை என்பதை வைத்துக் குழந்தைக்கு உடுத்தக் கூடாது. படகில் இருக்கும்வரை நம்மைவிட அதற்கு ஒரு துணி கூடுதலாக இருக்கட்டும்.

சரி, மொத்தம் எத்தனை செட்? கணக்கா சொல்லிடுங்க.

நாள் கணக்கில் எடுத்தால் பை வெடிக்கும். வேலைக் கணக்கில் எடுங்கள். நனைகிற துணி, கரையில் போடுகிற துணி, தூங்குகிற துணி என்று மூன்று வேலை. நனைகிற துணி இரண்டு செட்: சீக்கிரம் காயும், காட்டன் அல்லாத முழுக்கைச் சட்டை, மெல்லிய பேன்ட் அல்லது டிரவுசர். ஒன்று உடம்பில் இருக்கும், ஒன்று கொடியில் இருக்கும். நான்கு நாளும் இந்த இரண்டுதான் மாறி மாறி. கரையில் போட ஒரு செட்: முழு பேன்ட், சட்டை, அதற்கு மேல் ஃபிளீஸ் (மெத்தென்ற பாலியெஸ்டர் துணி) ஜாக்கெட். தூங்க ஒரு செட், அதைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

இவற்றோடு மழைக்கோட்டும் மழை பேன்ட்டும், நீச்சல் உடை ஒன்று, வெயில் தொப்பி ஒன்று, கம்பளிக் குல்லா ஒன்று, உள்ளாடை ஐந்து, சாக்ஸ் நான்கு ஜோடி. சாக்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கால் ஈரமாக இருக்கிற பிள்ளை வேறு எதைப் போட்டாலும் குளிருது என்றுதான் சொல்லும். ஒரு வாரப் பயணம் என்றாலும் கணக்கு பெரிதாக மாறாது, உள்ளாடையும் சாக்ஸும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

தூங்கற துணிக்கு ஏன் தனி செட்? சாயங்காலம் போட்டதோடயே படுத்துக்கலாமே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பையில் ஒரு செட் எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். மற்ற எல்லாம் நனையலாம், சேறாகலாம், கிழியலாம். அந்த ஒரு செட் மட்டும் டென்ட்டுக்குள், ஸ்லீப்பிங் பேக்கில் நுழைகிற நேரத்தில்தான் பையிலிருந்து வெளியே வரும். காலையில் முதல் வேலையாகத் திரும்ப உள்ளே போகும். மெல்லிய முழுக்கை உள்சட்டை, அதே மாதிரி லெக்கிங்ஸ், தடிமனான கம்பளி சாக்ஸ், குல்லா. பகலில் எவ்வளவு குளிர்ந்தாலும் அதைத் தொடக் கூடாது. தொட வேண்டிய ஒரே சந்தர்ப்பம் கடைசிக்கு முந்தின கேள்வியில் வருகிறது.

சாயங்காலத் துணி பார்வைக்குக் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஓடி விளையாடிய வியர்வை அதில் ஊறியிருக்கும். படுத்த ஒரு மணி நேரத்தில் அந்த ஈரம் ஸ்லீப்பிங் பேக்குக்குள் குளிரத் தொடங்கும். தவிர, சமையல் வாசனை ஏறிய துணியோடு படுப்பது விலங்கு நடமாட்டம் உள்ள காட்டில் நல்லதில்லை. முதல் வருடம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. மூத்தவளை ஃபிளீஸோடு அப்படியே படுக்க வைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பல் கிட்டித்து எழுந்தாள். விடியும்வரை அவளை என் பைக்குள் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காட்டன் வேண்டாம்ங்கறீங்க. குழந்தைங்களுக்குக் காட்டன்தானே நல்லது?

வீட்டில் நல்லது. பருத்தி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதனால்தான் துண்டு பருத்தியில் செய்கிறோம். துணி நமக்குச் சூடு தருவதே இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்றால். பருத்தி நனைந்தால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் காற்றைவிடக் கிட்டத்தட்ட 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பனியன் குளிரைத் தடுப்பதற்குப் பதிலாக உடம்புச் சூட்டை வெளியே இழுக்கிறது. காயவும் நாளாகும்.

கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. பாலியெஸ்டர் இழை ஒரு சதவீதம்கூட உறிஞ்சாது. பிழிந்து உதறிப் போட்டால் அரை நாளில் காய்ந்துவிடும். அதற்காகக் காட்டனைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். கொளுத்தும் மதியத்தில் கரையில் சுற்ற ஒரு காட்டன் டீ-ஷர்ட் சுகம்தான். அது நனைந்தால் கழற்றிவிட வேண்டும் என்பதை மறக்காமல் இருந்தால் சரி.

கம்பளின்னா குத்துமே. என் பொண்ணு போடவே மாட்டா.

எல்லாக் கம்பளியும் குத்தாது. மெரினோ ஆட்டு ரோமத்தின் இழை மெல்லியது, தோலில் பட்டால் வளைந்துகொடுக்கும். மூன்று நாள் தொடர்ந்து போட்டாலும் நாற்றம் அதிகம் வராது. ஆனால் விலை கூடுதல், வளர்கிற குழந்தைக்கு ஒரே வருடத்தில் சின்னதாகிவிடும். அதனால் சாக்ஸும் குல்லாவும் கம்பளியில் இருக்கட்டும், மீதிக்கு ஃபிளீஸும் பாலியெஸ்டரும் தாராளமாகப் போதும். புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. பள்ளி விளையாட்டு நாளுக்கு வாங்கிய ஜெர்சி பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். துணியின் உள்பக்கம் தைத்திருக்கும் சின்னப் பட்டியைப் புரட்டிப் பாருங்கள்.

ஜீன்ஸ்?

வேண்டாம். கனமான காட்டன், நனைந்தால் இன்னும் கனம், இடுப்பில் நிற்காது, முழங்கால் மடங்காது, மறுநாளும் காயாது. பதின்வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. அவர்கள் ஆசைக்கு ஒரு ஜீன்ஸைக் கரைத் துணியாக எடுத்துக்கொள்ளட்டும், படகில் ஏறும்போது மட்டும் வேறு பேன்ட் என்று பேரம் பேசுங்கள். முதல் மழைக்குப் பிறகு அடுத்த வருடம் அவர்களே எடுத்துவர மாட்டார்கள்.

மழைக்கு போஞ்சோ எடுத்துக்கலாமா? மடிச்சா கைக்குள்ள அடங்குதே.

கரையில் போட்டுக்கொள்ளலாம். படகில் கூடாது. போஞ்சோ என்பது தலை நுழைய ஓட்டை வைத்த ஒரு விரிப்பு. தண்ணீரில் விழுந்தால் அது விரிந்து கையைச் சுற்றிக்கொள்ளும், முகத்தை மூடும். லைஃப் ஜாக்கெட்டுக்கு மேல் அதைப் போட்டிருந்தால் நாம் குழந்தையைப் பிடித்துத் தூக்கவும் பிடி கிடைக்காது.

மேல்கோட்டும் பேன்ட்டுமாகத் தனித்தனியாக இருக்கும் மழை உடைதான் சரி. பேன்ட் எதற்கு என்று கேட்பார்கள். படகில் உட்கார்ந்திருக்கும்போது மழை சேர்வதே மடியில்தான். துடுப்புத் தண்ணீர் சொட்டுவதும் அங்கேதான். இந்தப் பேன்ட் மழை இல்லாத நாளிலும் உதவும்: காற்று பலமாக இருக்கிற காலை வேளையில் காற்றுத் தடுப்பாக, பனி படிந்த புல்லில் உட்காரும்போது அடியில் போட. மழைக்கோட்டின் கழுத்தில் தொங்கும் கயிறு இருந்தால் உருவிவிடுங்கள். கிளையிலோ படகின் விளிம்பிலோ மாட்டிக்கொண்டால் ஆபத்து. அப்புறம், கிளம்பும் முன் வீட்டு ஷவரின் கீழ் குழந்தையை அந்தக் கோட்டோடு ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். பழைய கோட்டுகளில் தையல் வழியாக ஒழுகும். பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டு. இரண்டாவது தடவையும் கேட்பார்கள்.

லைஃப் ஜாக்கெட் துணிக்கு மேலயா, உள்ளயா?

எப்போதும் மேலே. மழைக்கோட்டுக்கும் மேலே. அதனால்தான் அளவு பார்ப்பதில் ஒரு சிக்கல் வருகிறது: கடையில் டீ-ஷர்ட்டோடு போட்டுப் பார்த்து வாங்கிவிடுகிறோம், குளிர்காலையில் ஃபிளீஸும் மழைக்கோட்டும் உள்ளே போனதும் கொக்கி மாட்டவில்லை. வீட்டில் எல்லாத் துணியையும் போட்டு, அதற்கு மேல் ஜாக்கெட்டை மாட்டிப் பாருங்கள். பட்டைகளை இறுக்கிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் மோவாய்க்கும் காதுக்கும் ஏறினால் பெரிது. வயதை வைத்து வாங்காமல் அதில் எழுதியிருக்கும் எடை அளவை வைத்து வாங்குங்கள். சின்னக் குழந்தைக்குக் கால் இடுக்கு வழியாகப் போகும் பட்டை கட்டாயம்.

வெயில் ஏறினால் உள்ளே இருக்கும் ஃபிளீஸைக் கழற்ற வேண்டும் என்று குழந்தை அடம்பிடிக்கும். நடுத்தண்ணீரில் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். கரை ஒதுங்கி, இறங்கி, மாற்றிவிட்டு மறுபடி கிளம்புங்கள். பத்து நிமிடம் போனால் போகட்டும்.

வெயிலுக்கு தொப்பி மட்டும் போதுமா? காத்துல பறந்துடுமே.

சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி, மோவாயில் மாட்டும் பட்டையோடு. பட்டை இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் கொக்கி உள்ளதாக இருந்தால் நல்லது. ஆனால் தண்ணீர் மேல் வெயில் கீழிருந்தும் வருகிறது, தொப்பி அதைத் தடுக்காது. அதனால் முழுக்கை, கழுத்து மூடிய சட்டை. துணியில் யூபிஎஃப் 50 என்று போட்டிருந்தால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான், அதாவது 2 சதவீதம்தான் உள்ளே போகும் என்று அர்த்தம். சாதாரண வெள்ளை டீ-ஷர்ட்டுக்கு அந்த எண் 5 முதல் 7 வரைதான். நனைந்தால் சுமார் 3. நனைந்த வெள்ளைச் சட்டையோடு நாள் முழுக்கத் தண்ணீரில் ஆடிய பிள்ளையின் தோள் சாயங்காலம் ஏன் சிவக்கிறது என்பதற்கு இதுதான் பதில்.

கலர்ல ஏதாவது பார்க்கணுமா?

ஆரஞ்சு, பளிச் மஞ்சள், சிவப்பு. நீச்சல் உடையில் நீலமும் வெளிர்பச்சையும் வேண்டவே வேண்டாம், தண்ணீருக்குள் குழந்தை கண்ணுக்குத் தெரியாது. கரும்பச்சை, பழுப்பு எல்லாம் மரங்களுக்கு நடுவே மறைந்துவிடும். தூங்கும் துணி என்ன நிறமாகவும் இருக்கட்டும், பூப்போட்டதோ டைனோசர் போட்டதோ பிள்ளையின் இஷ்டம்.

செருப்பு போதுமா, ஷூ வேணுமா?

இரண்டு ஜோடி: ஒன்று நனைய, ஒன்று காய்ந்திருக்க. நனைகிற ஜோடி விரல் மூடியதாக, குதிகாலைப் பிடித்துக்கொள்வதாக இருக்க வேண்டும். ஏரியிலிருந்து ஏரிக்குப் படகைச் சுமந்து நடக்கும் பாதையில் பாறையும் வேரும்தான் இருக்கும். இறங்குகிற இடத்தில் தண்ணீருக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ரப்பர் செருப்பு முதல் சேற்றிலேயே தங்கிவிடும். பழைய கேன்வாஸ் ஷூ போதும், புதிது வாங்காதீர்கள். முழங்கால்வரை வரும் கம்பூட்ஸ் கரையில் ஓடத்தான், படகில் வேண்டாம். தண்ணீர் புகுந்தால் அதோடு பிள்ளையால் நடக்கவோ நீந்தவோ முடியாது.

காய்ந்த ஜோடி கரையில் இறங்கி டென்ட் போட்ட பிறகுதான் வெளியே வரும். காலையில் நனைந்த ஷூவுக்குள் மறுபடி காலை நுழைக்க எந்தக் குழந்தையும் ஒத்துக்கொள்ளாது. அங்கே கம்பளி சாக்ஸ் உதவும். முதல் ஐந்து நிமிடம் முகம் சுளிக்கும், அப்புறம் கால் சூடாகிவிடும்.

கொசுவுக்கு என்ன செய்யறது? கை காலெல்லாம் வீங்கிடுது.

கோடைக் கடைசியில் பல இடங்களில் கொசு குறைந்துவிடும், குளவி கூடிவிடும். உண்ணி இருக்கிற பகுதிகளில் உண்ணியும் இருக்கும். மூன்றுக்கும் முதல் மருந்து துணிதான். நெருக்கமாக நெய்த, கொஞ்சம் தொளதொள என்றிருக்கும் வெளிர்நிற முழு உடை, பேன்ட்டின் நுனியைச் சாக்ஸுக்குள் சொருகி. வெளிர்நிறத்தில் ஊர்ந்து போகிற உண்ணி கண்ணில் படும், கொசுவுக்கும் அடர்நிறத்தின் மேல்தான் பிரியம். பளிச் நிறம் கேட்டீர்களே என்பீர்கள். அது தண்ணீருக்கு, இது சாயங்காலக் கரைக்கு.

துணியில் தெளிக்க 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கிடைக்கிறது. வீட்டில், திறந்தவெளியில், பயணத்துக்கு முன்பே தெளித்து முழுக்கக் காயவிட வேண்டும். தோலில் தடவக் கூடாது. ஈரமாக இருக்கும்போது பூனைக்கு ஆகாது, மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் விஷம். அதனால் ஏரிக்கரையில் வைத்துத் தெளிக்காதீர்கள். தோலில் தடவும் டீட் என்ற பூச்சிவிரட்டி மருந்து பிளாஸ்டிக்கையும் இழுபடும் ஸ்பான்டெக்ஸ் துணியையும் அரிக்கும். கம்பளிக்கும் காட்டனுக்கும் ஒன்றும் செய்யாது. நீச்சல் உடை பிசுபிசுத்துப் போனதாக ஒருவர் புலம்பினார், காரணம் இதுதான்.

இத்தனையும் எதுல அடைக்கிறது? ஒரே பெரிய பை போதுமா?

ஒரே பை வேண்டாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று பேர் துணியும் ஒரே பெரிய பையில், நான்தான் மடித்து அடுக்கினேன், பார்க்க அழகாக இருந்தது. முதல் நாள் மழையில் சின்னவனின் சாக்ஸ் தேவைப்பட்டது. பையின் அடியில் இருந்தது. மொத்தத்தையும் மழையில் விரித்துப்போட்டு ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்தேன். அன்று ராத்திரி மூன்று பேரும் ஈரத்தில் படுத்தோம்.

இப்போது ஆளுக்கு ஒரு ட்ரை பேக் (வாயைச் சுருட்டி மூடும் தண்ணீர் புகாத பை), வேறு வேறு நிறத்தில். ஒரு குழந்தைக்கு 15 அல்லது 20 லிட்டர் போதும். அதற்குள் தூங்கும் செட் மட்டும் தனியாக ஒரு ஜிப் பிளாஸ்டிக் பையில், அடியில். பையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். வாயை மூன்று சுற்றாவது சுருட்டி மாட்டினால்தான் தண்ணீர் புகாது, அதற்கு மேலே இடம் வேண்டும். ட்ரை பேக் இல்லையென்றால் தடிமனான குப்பைப் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, அதைச் சாதாரண முதுகுப்பைக்குள் வையுங்கள், அதுவும் வேலை செய்யும். மழைக்கோட், ஃபிளீஸ், குல்லா இந்த மூன்றும் பெரிய பைக்குள் போகக் கூடாது. படகில் குழந்தையின் கைக்கெட்டும் தூரத்தில் சின்னப் பையில் இருக்கட்டும். காலிப் பை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள், ஈரத் துணிக்கு. அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

குழந்தையே பேக் பண்ணட்டும்னு விடலாமா?

ஐந்தாறு வயதுக்கு மேல் விடலாம், கடைசியில் நீங்கள் ஒரு தடவை திறந்து பாருங்கள். எங்கள் சின்னவன் ஒரு வருடம் ஒரு சட்டையும் பதினொரு கூழாங்கல்லும் வைத்திருந்தான். ஆனால் தன் பையில் எது எங்கே என்று தெரிந்த பிள்ளை இருட்டில் தானே சாக்ஸ் எடுத்துக்கொள்ளும், நம்மை எழுப்பாது. பட்டன் வேண்டாம், ஜிப்பும் எலாஸ்டிக்கும் இருக்கட்டும். விறைத்த விரலால் பட்டன் போட முடியாது.

டயப்பர் போடற குழந்தையைக் கூட்டிட்டுப் போக முடியுமா?

முடியும், ஆனால் மூட்டை பெரிதாகும். சாதாரண டயப்பரோடு தண்ணீரில் இறக்கினால் அது ஏரியை உறிஞ்சிக் குழந்தையைவிடப் பெரிதாகிவிடும். நீச்சல் டயப்பர் மலத்தைத்தான் பிடிக்கும், சிறுநீரைப் பிடிக்காது. அதனால் படகில் நீச்சல் டயப்பர் போட்டால் இருக்கை நனையும் என்று தெரிந்து போடுங்கள். தண்ணீரில் இறங்கும் நேரத்துக்கு மட்டும் அது, மற்ற நேரத்துக்கு வழக்கமானது. பயன்படுத்தியது எல்லாம் உங்களோடு திரும்பி வர வேண்டும். புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. அதற்கென்று இறுக்க மூடுகிற தனிப் பை வேண்டும். நனைகிற செட்டும் தூங்கும் செட்டும் மேலே சொன்னதைவிட ஒவ்வொன்று கூடுதலாக எடுங்கள். உடம்பு முழுக்க மூடுகிற ஒரே துண்டு ஃபிளீஸ் உடை இந்த வயதுக்கு மிக நல்லது, இடுப்பு திறக்காது.

பெரிய பையன்தான், ஆனா இன்னும் சில நாள் ராத்திரி ஒண்ணுக்குப் போயிடறான். கேக்கவே சங்கடமா இருக்கு.

சங்கடப்பட ஒன்றுமில்லை, குறைந்தது நான்கு பேர் இதைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். புது இடம், குளிர், இருட்டில் வெளியே போகப் பயம், எல்லாம் சேர்ந்தால் பழக்கம் விட்ட பிள்ளைக்கும் நடக்கும். இவனுக்கு மட்டும் தூங்கும் செட் இரண்டு. அதில் ஒன்றை ஸ்லீப்பிங் பேக்கின் கால் பக்கம் சுருட்டி வையுங்கள், இருட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். உள்ளே ஒரு மெல்லிய விரிப்புப் பை போட்டால் நனைவது பெரும்பாலும் அதோடு நிற்கும். ஜிப் பை ஒன்று அவன் கைக்கருகே இருக்கட்டும், நனைந்ததை அதில் போட்டு மூடிவிட்டால் காலையில் மற்ற பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.

அங்கேயே துவைச்சுக் காயப் போடலாமா?

அலசிக் காயப் போடலாம். சோப்பு ஏரிக்குள் போகக் கூடாது, இயற்கைச் சோப்பு என்று எழுதியிருந்தாலும்தான். ஒரு வாளியில் தண்ணீர் மொண்டு, கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப்போய் அலசி, மண்ணில் ஊற்றுங்கள். பிழிந்ததைக் காய்ந்த துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி முறுக்கினால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பகல் இரண்டு மணிக்குள் கொடியில் போட்டதுதான் காயும். நான்கு மணிக்குப் போட்டால் சாயங்காலப் பனி அதை மறுபடி நனைத்துவிடும். இருட்டும் முன் காய்ந்ததோ காயாததோ எல்லாம் உள்ளே வரட்டும்.

நெருப்புப் பக்கத்தில் காய வைக்கலாமா என்றும் கேட்பார்கள். ஃபிளீஸும் நைலானும் சூட்டில் உருகும். உருகியது தோலில் ஒட்டினால் பெரிய காயம். ஒரு சின்னப் பொறி பட்டாலே மழைக்கோட்டில் ஓட்டை விழும். நெருப்பைச் சுற்றி உட்காரும்போது ஃபிளீஸுக்கு மேல் ஒரு பழைய தடித்த காட்டன் சட்டையைப் போட்டுவிடுவது என் வழக்கம். காட்டனுக்கு இந்தப் பயணத்தில் கிடைக்கிற ஒரே கௌரவமான வேலை இதுதான்.

ராத்திரி ரொம்பக் குளிரினா எல்லாத் துணியையும் போட்டு படுக்க வைக்கலாமா?

ஓரளவுக்கு. தூங்கும் செட்டுக்கு மேல் ஒரு காய்ந்த ஃபிளீஸ் போடலாம். அதற்கு மேல் அடுக்கினால் ஸ்லீப்பிங் பேக் இறுகி, அதன் பஞ்சு அமுங்கி, சூடு குறையும்; குழந்தை வியர்த்தால் நிலைமை இன்னும் மோசம். குளிர் பெரும்பாலும் தரையிலிருந்துதான் வருகிறது, மிச்சத் துணியைப் பாய்க்கு அடியில் பரப்புவது மேல். வெந்நீர் நிரப்பிய கசியாத பாட்டிலைச் சாக்ஸுக்குள் நுழைத்துக் காலடியில் வைத்தால் நடுராத்திரிவரை சூடு தாங்கும். முகத்தை மட்டும் மூடிவிடாதீர்கள்.

வெளிய 28 டிகிரி, தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு. எதுக்குத் தகுந்த மாதிரி உடுத்தறது?

தண்ணீருக்குத் தகுந்த மாதிரி. ஆழமான ஏரியும் மலையிலிருந்து இறங்கும் ஆறும் கோடை முடியும்போதுகூடச் சில்லென்றே இருக்கும். 15 டிகிரிக்குக் கீழான தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதலில் நடப்பது மூச்சு இழுப்பு. நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் வாய் திறந்து காற்றை இழுக்கும், வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை இழுக்கும். லைஃப் ஜாக்கெட் தலையை மேலே தாங்கிப் பிடிப்பது அந்த ஒரு நிமிடத்தில் உயிரைக் காப்பாற்றும்.

அப்படிப்பட்ட இடத்தில் நீச்சலுக்குப் போடும் ரப்பர் மாதிரியான நியோப்ரீன் மேல்சட்டை நல்லது. இல்லாவிட்டால் உடம்போடு ஒட்டிய பாலியெஸ்டர் உள்சட்டைக்கு மேல் மெல்லிய ஃபிளீஸ். குழந்தைக்குப் புழுங்கும், புலம்பும். தொப்பியைத் தண்ணீரில் முக்கித் தலையில் வையுங்கள், கழுத்தில் ஈரத் துணி சுற்றுங்கள். சூடான குழந்தையைக் குளிர்விக்க ஒரு ஏரியே பக்கத்தில் இருக்கிறது. விறைத்த குழந்தையைச் சூடாக்குவது அத்தனை சுலபமில்லை. இப்படிப்பட்ட நாளில் ஏரியைக் குறுக்கே வெட்டிப் போகாமல் கரையோரமாகவே போவேன், நேரம் ஆனாலும்.

படகு கவிழ்ந்து எல்லாமே நனைஞ்சுட்டா?

எல்லாமே நனையாது, ஜிப் பைக்குள் தூங்கும் செட் இருக்கிறது. அதைத் தொடலாம் என்று சொன்ன சந்தர்ப்பம் இதுதான். கரை சேர்ந்ததும் முதலில் காற்று படாத இடம், அடுத்து ஈரத் துணி முழுவதையும் கழற்றுவது, உடம்பைத் துடைப்பது, காய்ந்த செட், குல்லா, அதற்கு மேல் ஸ்லீப்பிங் பேக். வெறுந்தரையில் உட்கார வைக்காமல் பாயோ லைஃப் ஜாக்கெட்டோ அடியில் போடுங்கள். சட்டையைக் கழற்றி உங்கள் உடம்போடு அணைத்துக்கொள்வது நல்ல சூடு. தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். கை காலைத் தேய்க்க வேண்டாம், கொழுந்துவிட்டு எரியும் நெருப்புக்கு முன்னால் நிறுத்தவும் வேண்டாம்.

நடுங்குகிற குழந்தை இன்னும் சமாளித்துக்கொண்டிருக்கிறது. பேச்சு குழறுவது, கால் தடுமாறுவது, காரணமில்லாத எரிச்சல், தூக்கக் கலக்கம் இதெல்லாம் உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது என்பதன் அடையாளம். இன்னும் சில்லென்று இருக்கும்போதே நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம், உடனே அவசர உதவியைக் கூப்பிடுங்கள். கைக்குழந்தைகள் நடுங்காமலேயே விறைத்துப்போகும், தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வயிற்றையும் நெஞ்சையும் தொடுங்கள். விரல்நுனி எப்போதுமே சில்லென்றுதான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

திரும்பி வர்ற அன்னிக்குன்னு தனியா துணி வேணுமா?

வேண்டும், ஆனால் படகில் ஏற்ற வேண்டாம். ஆளுக்கு ஒரு செட் துணி, செருப்பு, ஒரு துண்டு, ஒரு பெரிய குப்பைப் பை, எல்லாம் காரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கரையேறியதும் மாற்றிக்கொண்டு, சேறான மொத்தத்தையும் குப்பைப் பையில் திணித்துப் பின்னால் போட்டுவிடலாம். இங்கே காட்டன் என்றாலும் சரி, ஜீன்ஸ் என்றாலும் சரி. அதில் உங்களுக்கும் ஒரு செட் வைக்க மறக்காதீர்கள். பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டு எனக்கு வைக்க மறந்து, ஈர பேன்ட்டோடு மூன்று மணி நேரம் வண்டி ஓட்டியிருக்கிறேன், அதுவும் இரண்டு வருடம் தொடர்ந்து.